வயிற்றெரிவை விதியென்று விடலாமா?

வயிற்றெரிவு வந்தால் ஒரு குளிசையை விழுங்கிவிட்டு வயலுக்குப் போவதே நம்மிடையே வழக்கம். உறைப்பும் கவலையுமே காரணம் என்று வைத்தியர்களும் நெடுங்காலம் நம்பினார்கள்.

1982இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் ரொபின் வொரன், பரி மார்ஷல் என்னும் வைத்தியர்கள் இரைப்பையில் வாழும் ஹெலிகோபக்டர் பைலோரி என்ற பற்றீரியாவைக் கண்டறிந்தனர். குடற்புண்ணுக்கு அதுவே முக்கிய காரணம் என்பது பின்னர் உறுதியாயிற்று. 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, இரைப்பைப் புற்றுநோயை உண்டாக்கும் காரணிகளுள் ஒன்றாக அதனை அறிவித்தது. 2005இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

தொற்றியவர்களுள் மிகச் சிலருக்கே புற்றுநோய் வருகிறது. ஆகவே பீதி வேண்டாம். ஆயினும் அலட்சியமும் ஆகாது. தாய்வானின் மாற்சு தீவுகளில் 2004 முதல் வளர்ந்தோரைப் பரிசோதித்து மருந்து கொடுத்தார்கள். அங்கே இரைப்பைப் புற்றுநோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

இக்கிருமி பெரும்பாலும் சிறுவயதிலேயே தொற்றுகிறது. ஒரே கொட்டிலில் பலர் நெருங்கிப் படுக்கும் இடத்தில், நல்ல நீரும் மலசலகூடமும் இல்லாத இடத்தில், அது எளிதில் பரவும். ஆகவே கிணறும் மலசலகூடமும் கேட்பது பிச்சையல்ல. நம் பிள்ளைகளின் உயிருக்கான உரிமை.

எரிவு நீடித்தால், உடல் மெலிந்தால், மலம் கறுத்தால் வைத்தியரிடம் செல்வோம். கிருமி உண்டா என்று துணிந்து கேட்போம். தரும் மருந்தை, நோ தணிந்ததும் நிறுத்திவிடாமல், முழுவதும் எடுப்போம்.