அடிக்கும் உரிமை எங்கே இருக்கிறது?

திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயமான அந்நிஸாவின் 34ஆம் வசனம் மனைவியை அடிக்கும் உரிமையைக் கணவனுக்கு வழங்குகிறது என்ற நம்பிக்கை இரண்டு எதிரெதிர் முகாம்களில் ஒரே அளவில் வேரூன்றியிருக்கிறது. கைநீட்டிய கணவனும் அவனுக்காகப் பேச வரும் பெரியவர்களும் ஒரு முகாம். இஸ்லாத்தைப் பழிக்க இந்த ஒரு வசனமே போதும் என்று எண்ணுகிறவர்கள் மற்றொரு முகாம். வசனத்தின் நடுவிலிருந்து ஒரு சொல்லை இரு முகாம்களுமே பிய்த்தெடுத்துக்கொள்கின்றன. முன்னும் பின்னும் என்ன இருக்கிறது, அதைக் கொண்டுவந்தவர் எப்படி வாழ்ந்தார் என்பதை இரண்டுமே பார்ப்பதில்லை. இதற்கு விலை கொடுப்பவள் அடிபட்ட பெண்.

இந்த நம்பிக்கை நீதிமன்றம் வரை போன ஒரு நிகழ்வு 2007இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் நடந்தது. மொராக்கோ வம்சாவளிப் பெண் ஒருவர், அடித்துத் துன்புறுத்தும் கணவனிடமிருந்து விரைவாக விவாகரத்து கோரினார். நீதிபதியோ இந்த வசனத்தைச் சுட்டி, இருவருடைய பண்பாட்டிலும் இது எதிர்பார்க்கக்கூடியதே என்ற பொருள்பட எழுதி, விரைவு நடைமுறையை மறுத்தார். கண்டனம் எழுந்தது, அவர் அந்த வழக்கிலிருந்து விலக்கப்பட்டார். மதத்தை மதிப்பதாக நினைத்துக்கொண்டு அந்த நீதிபதி மதித்தது அடித்தவனின் வாதத்தைத்தான்.

வசனத்தின் போக்கு இது. ஆண்கள் பெண்களைப் பராமரிக்கும் பொறுப்புடையவர்கள். தங்கள் பொருளைச் செலவிடுவது அதற்கு ஒரு காரணம். மனைவியிடம் ‘நுஷூஸ்’, அதாவது மணவாழ்வை முறிக்கும் அளவுக்கான பிணக்கு, எழும் என்று அஞ்சினால் முதலில் அறிவுரை. பிறகு படுக்கையில் விலகியிருத்தல். மூன்றாவதாகத்தான் சர்ச்சைக்குரிய சொல் வருகிறது. உடனே, அவர்கள் இணங்கிவிட்டால் அவர்களுக்கு எதிராக வேறு வழி தேடக்கூடாது என்ற தடை. இறைவன் உயர்ந்தவன், பெரியவன் என்ற நினைவூட்டலோடு வசனம் முடிகிறது. வலிமை தன் பக்கம் இருக்கிறது என்று நினைக்கும் ஆணுக்கு, அவனுக்கும் மேலே ஒருவன் இருக்கிறான் என்ற எச்சரிக்கை அது.

மூன்றாவது சொல்லுக்கு ‘விலகிச் செல்லுங்கள்’ என்று பொருள்கொள்ளும் முயற்சிகள் உண்டு. அமெரிக்காவைச் சேர்ந்த லாலே பக்தியார் 2007இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பில் அப்படித்தான் எழுதினார். அந்த முயற்சியை ஏளனம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் பழைய விரிவுரையாளர்களில் மிகப் பெரும்பாலோர் அதை அடித்தல் என்றே எடுத்துக்கொண்டார்கள் என்பதை மறைப்பது நேர்மையாகாது. வாதம் அந்த ஒரு சொல்லில் தொங்க வேண்டிய தேவையும் இல்லை. அடித்தல் என்றே வைத்துக்கொண்டாலும் ‘உரிமை’ என்ற நம்பிக்கை நிற்காது.

முதல் சான்று நபிகள் நாயகத்தின் வாழ்க்கை. தம் கையால் அவர் எந்தப் பெண்ணையும் எந்தப் பணியாளரையும் ஒருபோதும் அடித்ததில்லை என்று மனைவி ஆயிஷா சொன்ன செய்தி இமாம் முஸ்லிமின் நபிமொழி (ஹதீஸ்) தொகுப்பில் உள்ளது. பிணக்கே வராத வீடாக இருந்ததால் அடிக்க நேரவில்லை என்று இதைத் தள்ளிவிட முடியாது. பிணக்கு வந்தது, அதுவும் ஊரறிய வந்தது. வீட்டுச் செலவுக்குக் கூடுதலாகக் கேட்டு மனைவியர் நெருக்கியபோது அவர் அவர்களை விட்டு விலகி, ஒரு மாடி அறையில் 29 நாள் தனித்திருந்தார். நபிகளின் தோழர் உமர் அந்த அறைக்குள் நுழைந்தபோது கண்ட காட்சியைப் புகாரியின் நபிமொழித் தொகுப்பு பதிந்திருக்கிறது. விரிப்பு ஏதும் இல்லாத ஓலைப்பாய்; அதன் தடம் பதிந்த விலா; ஈச்சநார் அடைத்த தோல் தலையணை. மதீனாவுக்கு வந்தபின் தங்கள் பெண்கள் எதிர்த்துப் பேசக் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று உமர் சொல்ல, நபிகள் புன்னகைத்தார். அந்த மாதம் முடிந்ததும் மனைவியருக்கு முன்னால் வைக்கப்பட்டவை இரண்டு வழிகள்: சேர்ந்து வாழலாம், அல்லது அழகிய முறையில் பிரிந்து போகலாம். தேர்வு அவர்களுடையது. 34ஆம் வசனத்தை எப்படிச் செயல்படுத்துவது என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் கிடையாது.

அபூதாவூத் தொகுப்பில் உள்ள மற்றொரு செய்தியும் கூர்ந்து பார்க்கத்தக்கது. இறைவனின் அடிமைப் பெண்களை அடிக்காதீர்கள் என்று நபிகள் முதலில் தடுத்தார். மனைவியர் துணிந்துவிட்டார்கள் என்று உமர் முறையிட, தடை தளர்ந்தது. உடனே பெண்கள் பலர் நபிகளின் வீட்டைச் சூழ்ந்துகொண்டு தங்கள் கணவன்மாரைப் பற்றி முறையிட்டார்கள். அப்படி அடிப்பவர்கள் உங்களில் நல்லவர்கள் அல்லர் என்று அவர் அறிவித்தார். அந்தப் பெண்களில் ஒருவரைக்கூட, கணவனுக்கு அடங்கி நட என்று திருப்பி அனுப்பியதாக அந்தச் செய்தியில் இல்லை. இன்று இந்தத் தளர்வை மட்டும் மேற்கோள் காட்டி, அதையடுத்து வந்த தீர்ப்பை விட்டுவிடுகிறவர்கள் செய்வது அறிவு நாணயமற்ற வேலை.

இன்னும் இரண்டு பெண்கள். ஃபாத்திமா பின்த் கைஸ் தம்மைப் பெண்கேட்ட இருவரைப் பற்றி நபிகளிடம் ஆலோசனை கேட்டார். முஆவியா வறியவர், அபூ ஜஹ்ம் பெண்களை அடிப்பவர் என்று சொல்லி, இருவரையும் விட்டு உஸாமாவை மணக்கும்படி அவர் அறிவுறுத்தினார். அடிப்பது கணவனின் உரிமையாக இருந்தால், அதைப் பயன்படுத்துகிறவன் மாப்பிள்ளையாகத் தகாதவன் என்று எப்படிச் சொல்ல முடியும்? ஹபீபா பின்த் ஸஹ்ல் அதிகாலையில் பள்ளிவாசலுக்கு வந்தார். கணவர் ஸாபித் பின் கைஸ் அடித்ததில் அவருக்கு முறிவு ஏற்பட்டிருந்தது. நபிகள் ஸாபிதை வரவழைத்து, கொடுத்த மஹரை, அதாவது மணக்கொடையை, திரும்பப் பெற்றுக்கொண்டு அவரைப் பிரிந்துவிடச் சொன்னார். பொறுத்துப் போ, இன்னொரு முறை பார்க்கலாம் என்ற பேச்சே அங்கே எழவில்லை.

எதிர்வாதமாக வைக்கப்படும் செய்தி ஒன்று உண்டு. நபித்தோழர் ஸஅத் பின் ரபீஃ தம் மனைவியை அறைந்தார், நபிகள் பதிலடிக்கு ஆணையிட்டார், அப்போது இந்த வசனம் இறங்கி அதைத் தடுத்தது என்று விரிவுரை நூல்கள் சொல்கின்றன. அந்தச் செய்தி ஹஸன் பஸரீ வழியாக வருகிறது. அவர் நபிகளின் காலத்தில் பிறந்திருக்கவே இல்லை. இடையில் யார் அறிவித்தார் என்பது விடுபட்டிருக்கிறது. சங்கிலி அறுந்த ஒரு செய்தியை, முஸ்லிம், புகாரி தொகுப்புகளில் உள்ள நேரடிச் சாட்சியங்களுக்கு மேலாக வைக்க ஹதீஸ் கலையே இடம் தராது.

சட்ட அறிஞர்களும் அந்தச் சொல்லைக் கட்டிப்போடவே முயன்றார்கள். நபிகளின் விடைபெறும் ஹஜ் உரையிலேயே, வெளிப்படையான ஒழுக்கக்கேட்டுக்கும் காயப்படுத்தாத அளவுக்கும் அது சுருக்கப்பட்டிருந்தது. நபித்தோழர் இப்னு அப்பாஸ் அதைப் பல்துலக்கும் மிஸ்வாக் குச்சியின் அளவுக்குக் குறைத்தார். இமாம் ஷாஃபி அனுமதியை ஏற்றாலும் விட்டுவிடுவதே மேல் என்றார். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பின்பற்றப்படும் மத்ஹப், அதாவது சட்டப்பள்ளி, அவருடையது. மக்காவின் ஆரம்பகால அறிஞர் அதாஃ, மனைவியை அடிக்கக்கூடாது, கோபத்தைக் காட்டினால் போதும் என்றார். 12ஆம் நூற்றாண்டு அந்தலூசிய நீதிபதி இப்னுல் அரபி அந்தக் கருத்தை மெச்சி எழுதினார். துனீசியாவின் இப்னு ஆஷூர் 20ஆம் நூற்றாண்டில் ஒரு படி மேலே போனார். கணவன்மார் எல்லை மீறுகிறார்கள் என்று கண்டால், அடிப்பதை அடியோடு தடைசெய்து, மீறுகிறவனைத் தண்டிக்க ஆட்சியாளருக்கு அதிகாரம் உண்டு என்பது அவர் முடிவு. ஆட்சியாளர் சட்டம் போட்டுத் தடுக்கக்கூடிய ஒன்று, மனிதனிடமிருந்து பறிக்க முடியாத உரிமையாக இருக்க முடியாது.

மிஸ்வாக் விளக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். ‘லேசாகத்தான் அடிக்கச் சொல்லியிருக்கிறது’ என்று மேடைகளில் சொல்லப்படும் சமாதானம் நல்லெண்ணத்தில் பிறந்தது. ஆனால் அது செய்யும் தீங்கு பெரிது. அடியின் அளவைப் பற்றிப் பேசத் தொடங்கியதுமே அடி நியாயமாகிவிடுகிறது. இப்னு அப்பாஸ் அடியைக் குறியீடாகச் சுருக்கினார். அதையே வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் அனுமதியை விரிக்கிறார்கள். கோபத்தில் எழுந்த கை மிஸ்வாக் குச்சியின் அளவில் நிற்காது என்பது அடிபட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும்.

34ஐ ஒப்பிக்கிறவர்கள் 35க்குப் போவதில்லை. பிளவு வரும் என்று அஞ்சினால் அவன் குடும்பத்திலிருந்து ஒரு நடுவரும் அவள் குடும்பத்திலிருந்து ஒரு நடுவரும் அமர்த்தப்பட வேண்டும் என்பது அதன் கட்டளை. இரண்டு நடுவர்களும் சம எடை கொண்டவர்கள். கணவனிடம் நுஷூஸ் எழுந்தால் என்ன செய்வது என்பதை அதே அத்தியாயத்தின் 128ஆம் வசனம் சொல்கிறது. இருவரும் சமாதானம் செய்துகொள்வதே மேல் என்கிறது. பிணக்குக்குப் பெண் மட்டுமே காரணம் என்ற எண்ணத்துக்கு அங்கேயே பதில் இருக்கிறது. மனைவியரோடு நல்ல முறையில் வாழுங்கள் என்று 19ஆம் வசனமும், துன்புறுத்துவதற்காக அவர்களைப் பிடித்து வைக்காதீர்கள் என்று இரண்டாம் அத்தியாயத்தின் 231ஆம் வசனமும் கட்டளையிடுகின்றன.

தமிழ்நாட்டின் ஜமாஅத் பஞ்சாயத்துகளில் 35ஆம் வசனம் படும் பாடு வேதனையானது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் அமர்பவர்கள் ஆண்கள். பல ஊர்களில் வழக்குக்குரிய பெண் அந்த அமர்வுக்கு வரவே முடியாது. அவள் சார்பில் தகப்பனோ அண்ணனோ பேசுவார். புகுந்த ஊர் ஜமாஅத்தில் கணவனின் சொந்தக்காரர்களே முத்தவல்லியும் செயலாளருமாக இருந்தால் அவளுடைய நடுவர் யார்? இந்த அநீதியை எதிர்த்தே புதுக்கோட்டையில் தாவூத் ஷரீபா கானம் 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத்தை உருவாக்கினார். பெண்கள் கூடி உட்கார்ந்து குடும்ப வழக்குகளைக் கேட்பதும், தங்களுக்கென ஒரு பள்ளிவாசல் வேண்டும் என்று கேட்டதும் கடும் எதிர்ப்பைச் சந்தித்தன. எதிர்த்தவர்கள் மார்க்கத்தின் பெயரால் எதிர்த்தார்கள். பெண்ணின் தரப்புக்குச் சம இடம் கேட்ட அவரோ 35ஆம் வசனத்துக்கு அவர்களைவிட நெருக்கமாக நின்றார்.

வசனம் யாருக்கு அதிகாரம் தருகிறது என்ற கேள்வி கடலூர் மாவட்டத்தில் ஏட்டளவில் நிற்பதில்லை. லால்பேட்டையின் அரபுக் கல்லூரி தலைமுறை தலைமுறையாக ஆலிம்களை உருவாக்குகிறது. மங்கலம்பேட்டையிலும் பரங்கிப்பேட்டையிலும் முஸ்லிம் குடும்பங்கள் நிறைந்திருக்கின்றன. விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்குள்ள பட்டறைகளில் களிமண் கூழைப் பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றி, இறுகியதும் பிரித்தெடுத்து, ஒட்டுக்கோடு தெரியாமல் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, சூளையில் சுட்டு, வண்ணம் பூசி அகல் விளக்கும் பொம்மையும் ஆக்குகிறார்கள். இந்த வேலைகளில் பெண்களின் உழைப்பு பெரிது. ஆண்கள் தங்கள் பொருளைச் செலவிடுவதை அவர்களுடைய பொறுப்புக்குக் காரணமாகக் காட்டும் வசனம், மனைவியின் வாரக்கூலியில் அடுப்பெரியும் வீட்டில் எந்த ஆணுக்கு அதிகாரம் தருகிறது? காரணத்தைத் தூக்கி எறிந்துவிட்டு அதிகாரத்தை மட்டும் வைத்துக்கொள்ள வசனத்தில் வழியில்லை.

அடிப்பது கணவனின் உரிமை என்ற நம்பிக்கையை இந்தியச் சட்டமும் என்றோ கைவிட்டது. கணவனிடம் திரும்பிப் போக மறுத்த ஷம்சுன்னிஸா பேகத்தின் வழக்கில் 1867இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தபோது, உடலுக்கோ உயிருக்கோ ஆபத்தான கொடுமை இருந்தால் மனைவியைத் திருப்பி அனுப்ப நீதிமன்றம் மறுக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. பின்னர் உலமாக்களே முன்கை எடுத்தார்கள். கொடுமைக்காரக் கணவனிடமிருந்து மீள ஹனஃபி சட்டத்தில் வழி குறுகலாக இருந்ததால், பஞ்சாப் போன்ற பகுதிகளில் பெண்கள் மதம் மாறி மணத்தை முறிக்கும் நிலை வந்தது. மௌலானா அஷ்ரஃப் அலி தானவி 1930களில், மாலிக்கி சட்டத்தின்படி மனைவிக்கு நீதிமன்ற விடுதலை வழங்கலாம் என்று விரிவான தீர்ப்பு எழுதினார். அதன் விளைவே 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம். வழக்கமாக அடிப்பதும், அடிக்காவிட்டாலும் நடத்தையால் வாழ்வைத் துயரமாக்குவதும் மணமுறிவுக்குக் காரணங்கள் என்று அதன் 2ஆம் பிரிவு சொல்கிறது. ‘ஷரீஅத்தில் தலையிடாதீர்கள்’ என்று முழங்குகிறவர்கள், ஷரீஅத் அறிஞர் ஒருவரின் உழைப்பில் பிறந்த இந்தச் சட்டத்தை நினைவில் கொள்ள வேண்டும்.

2002இல் ஷமீம் ஆரா வழக்கில் உச்ச நீதிமன்றம், தலாக்குக்கு முன் இரு குடும்ப நடுவர்களின் சமரச முயற்சி நடந்திருக்க வேண்டும் என்று 35ஆம் வசனத்தின் நெறியைச் சட்டமாக்கியது. 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தலாக் சொல்லிவிட்டதாக ஷரீஅத் கவுன்சில் சான்றிதழைக் காட்டி இரண்டாம் மணம் செய்த கணவரின் வாதத்தை நிராகரித்தது. சர்ச்சைக்குரிய தலாக் செல்லுமா என்பதை நீதிமன்றமே முடிவு செய்யும் என்றும், இரண்டாம் மணம் முதல் மனைவிக்குத் தந்த மனவேதனை கொடுமைதான் என்றும் கூறி, அவருக்கு வழங்கப்பட்ட 5 லட்சம் ரூபாய் இழப்பீட்டை உறுதி செய்தது.

அந்த இழப்பீட்டுக்கு வழிசெய்தது 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள அது எல்லா மதத்தினருக்கும் பொருந்தும். அடிபட்ட பெண் பாதுகாப்பு அதிகாரியிடமோ நேராகக் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்திலோ மனு கொடுக்கலாம். அதற்கு ஜமாஅத்தின் கடிதம் தேவையில்லை. பாதுகாப்பு ஆணை, அதே வீட்டில் தொடர்ந்து குடியிருக்கும் உரிமை, பராமரிப்புத் தொகை ஆகியவற்றை மணமுறிவு கோராமலே பெறலாம். ஆணையை மீறும் கணவனுக்கு ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படும். மங்கலம்பேட்டையிலிருந்து விருத்தாசலம் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் பேருந்து ஏறும் பெண்ணை, ஊர் விஷயத்தை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகாதே என்று மறிக்க எந்த முத்தவல்லிக்கும் 34ஆம் வசனத்தில் ஆதாரம் கிடையாது. ஹபீபா பின்த் ஸஹ்ல் தம் முறையீட்டை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளவில்லை. நீதி சொல்ல அதிகாரம் பெற்றவரின் வாசலுக்கே கொண்டுபோனார்.