இரண்டு வரிக் கட்டம்

நம் கல்லூரி ஒன்றின் சேர்க்கை விண்ணப்பத்தில், நான்காம் பக்கத்தின் அடியில் ஒரு சிறு கட்டம் உண்டு. ‘பாடத்திற்கு அப்பாற்பட்ட திறமைகள்’ என்று அதற்குத் தலைப்பு. இரண்டு வரி எழுதலாம்; அதற்குமேல் இடமில்லை. கடற்கரைப் பங்கு ஒன்றைச் சேர்ந்த மாணவன் ஒருவன் அந்தக் கட்டத்தை நிரப்பத் தொடங்கி, இடம் போதாமல் ஓரத்தில் ஏறி, எழுத்தைக் குறுக்கிக் குறுக்கித் தாளின் விளிம்பில் எழுதி முடித்ததை நாம் பக்கத்தில் அமர்ந்து பார்த்தோம். மாவட்டப் பள்ளிகள் கால்பந்து அணியில் மூன்றாண்டு ஆடியவன். கடைசி ஆண்டில் அணித் தலைவன். ஆலயப் பாடற்குழுவில் தபேலா வாசிப்பவன். கோயில் வளாகத்தில் முப்பது சிறு பிள்ளைகளுக்கு மாலைதோறும் கணக்குச் சொல்லிக் கொடுப்பவன். தந்தையோடு வாரத்தில் இரண்டு இரவு கடலுக்குப் போவதையும் எழுதலாமா, அது திறமையில் சேருமா என்று நம்மிடம் கேட்டான். சேரும், எழுது என்றோம்.

பன்னிரண்டாம் வகுப்பில் அவன் பெற்றது 600க்கு 371.

தாயும் மகனும் முதல்வர் அறைக்குள் சென்றபோது நாமும் உடன் சென்றோம். முதல்வர் முதற் பக்கத்தைப் பார்த்தார், மதிப்பெண்ணைப் பார்த்தார், படிவத்தை மடித்து மேசைமேல் வைத்தார். “ஃபாதர், புள்ள பின்னால எழுதியிருக்கதையும் கொஞ்சம் வாசிச்சுப் பாருங்க” என்றார் அந்தத் தாய். “வாசிச்சு என்னம்மா செய்ய? போன வருசம் இந்தப் பிரிவு 480லயே நின்னுபோச்சு. எங்க கையில ஒண்ணுமில்ல” என்றார் முதல்வர். கடுமையாகச் சொல்லவில்லை, வருத்தத்தோடுதான் சொன்னார். வெளியே வந்ததும், உடன் வந்திருந்த உறவினர் ஒருவர், “அமெரிக்காவா இருந்தா இவனுக்கு இடம் கெடச்சிருக்கும்” என்று பெருமூச்சு விட்டார்.

இவ்விரு கூற்றுகளும் நம் பொதுநிலையினரிடையே நீண்ட நாளாய் உலவி வருகின்றன. இரண்டும் தவறு. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்வோம். அது கேட்க இனிமையாக இருப்பதால் ஆபத்தும் அதிகம்.

அமெரிக்காவின் பெயர்பெற்ற கல்லூரிகள் மதிப்பெண்ணோடு கட்டுரை, பரிந்துரைக் கடிதம், விளையாட்டு, இசை, தொண்டு அனைத்தையும் சேர்த்துப் பார்க்கின்றன என்பது உண்மையே. முழு மனிதனையும் எடைபோடுகிறோம் என்று அவை பெருமையோடு சொல்லிக்கொள்கின்றன. ஆனால் அந்த எடைக்கல் எங்கே செதுக்கப்பட்டது என்பதை நம்மில் பலர் அறியார். 1922இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவராயிருந்த லாரன்ஸ் லோவல், யூத மாணவரின் எண்ணிக்கையை 15 விழுக்காட்டுக்குள் அடக்கிவிட வேண்டுமென்று முயன்றார். அப்பட்டமான அந்த வரம்பை ஆசிரியர் குழு ஏற்கவில்லை. 1926இல் நாகரிகமான வழியொன்று கிடைத்தது. தேர்வில் தேறினால் மட்டும் போதாது, விண்ணப்பிப்போரின் ‘குணநலனும்’ பார்க்கப்படும் என்றார்கள். புகைப்படத்தையும் இணைக்கச் சொன்னார்கள். தேர்வுத்தாளில் முந்திக்கொண்டு வந்த குடியேறிகளின் பிள்ளைகள் குணநலனில் பின்தங்கிப்போனார்கள். யூத மாணவரின் விகிதம் வெகுவாகச் சரிந்தது. முழு மனிதனைப் பார்க்கும் கண் அன்று பார்த்தது மனிதனின் குலத்தை.

நூறாண்டுக்கு முந்திய கதைதானே என்று தள்ளிவிட முடியாது. ஹார்வர்டு மீது தொடுக்கப்பட்ட வழக்கில் அந்நிறுவனத்தின் சேர்க்கைக் கணக்குகள் நீதிமன்றத்துக்கு வந்தன. அவற்றை ஆராய்ந்த பொருளியலாளர்கள் 2019இல் வெளியிட்ட கட்டுரைப்படி, சேர்க்கப்பட்ட வெள்ளை இன மாணவருள் 43 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர், பயிற்சியாளர்கள் தேர்ந்தெடுத்த விளையாட்டு வீரர்கள், முன்னாள் மாணவரின் பிள்ளைகள், பேராசிரியரின் பிள்ளைகள், நிர்வாகத்தின் தனி அக்கறைப் பட்டியலில் இருந்தவர்கள் ஆகியோரே. 2023இல் ராஜ் செட்டி முதலிய அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வும் இதே திசையைக் காட்டியது. ஒரே அளவு தேர்வு மதிப்பெண் பெற்றிருந்தும், நடுத்தரக் குடும்பப் பிள்ளையைவிட, மேல்தட்டு ஒரு விழுக்காட்டுக் குடும்பத்துப் பிள்ளை அந்த உயர்மட்டக் கல்லூரிகளில் இருப்பதற்கு இரு மடங்குக்கு மேல் வாய்ப்பு. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று, பாடத்திற்கு அப்பாற்பட்ட திறமைகளுக்கு இடப்படும் மதிப்பு. துடுப்புப் படகுப் போட்டியும், வாள்வீச்சும், ஸ்குவாஷும் அங்கே கணக்கில் வருகின்றன. நம் மாணவனும் துடுப்புப் பிடிப்பவன்தான். அவனுக்குப் பயிற்சியாளர் இல்லை, சீருடை இல்லை, அவ்வளவே வேறுபாடு.

அந்த வீரர்களுக்குங்கூட மதிப்பெண் தள்ளுபடி ஆவதில்லை. ஐவி லீக் எனப்படும் எட்டுப் பல்கலைக்கழகங்களும் வீரர்களைச் சேர்க்கும்போது கல்விக் குறியீட்டெண் ஒன்றைக் கணக்கிட்டு, அதற்குக் கீழே போவதில்லை. மற்றவர்களின் நிலை சொல்ல வேண்டியதில்லை: ஹார்வர்டில் அண்மை ஆண்டுகளில் விண்ணப்பிக்கும் நூறு பேரில் ஏறத்தாழ நால்வருக்கே இடம் கிடைக்கிறது. மதிப்பெண் குறைந்தால் என்ன, சான்றிதழ்களைக் கட்டாகக் கட்டிக்கொண்டு போகலாம் என்று பெற்றோருக்கு ஆசை காட்டிப் பணம் பறிக்கும் ஆலோசகர்கள் இதைச் சொல்வதில்லை.

2019 மார்ச்சில் அங்கே அம்பலமான மோசடியை நம் பெற்றோர் பலர் மறந்திருக்கலாம். கத்தோலிக்கராகிய நாம் மறக்கக் கூடாது. ரிக் சிங்கர் என்ற தரகர் செல்வந்தப் பெற்றோரிடம் மொத்தம் சுமார் 2.5 கோடி டாலர் பெற்று, பயிற்சியாளர்களுக்குக் கையூட்டுக் கொடுத்து, பந்தைத் தொட்டறியாத பிள்ளைகளை விளையாட்டு வீரர்கள் என்று உள்ளே நுழைத்தார். போட்டியில் ஆடுவதுபோல் புகைப்படங்களை ஒட்டுவேலை செய்ததும் உண்டு. இயேசு சபையினரின் பெயரோடு விளங்கும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் டென்னிசுப் பயிற்சியாளரும் அதில் சிக்கினார். 2022இல் அவருக்கு முப்பது மாதச் சிறை. அந்த ஒவ்வொரு போலி வீரனும் உட்கார்ந்த இருக்கை, உண்மையாகவே உழைத்த ஒரு பிள்ளைக்கு உரியது.

இன்னொரு செய்தி. பெருந்தொற்றுக் காலத்தில் தேர்வு மதிப்பெண் தர வேண்டியதில்லை என்று அறிவித்த அமெரிக்கக் கல்லூரிகள் பல, பின்னர் அதைத் திரும்பப் பெற்றன. எம்.ஐ.டி. 2022இல் திரும்பியது, டார்ட்மத், ஹார்வர்டு 2024இல் அறிவித்தன. டார்ட்மத் பேராசிரியர்கள் கண்டது என்ன? தம் நிலையில் நல்ல மதிப்பெண்ணே பெற்றிருந்த ஏழைப் பிள்ளைகள், அது போதாதென்று அஞ்சி மறைத்துவிட்டார்கள். காட்டியிருந்தால் அது அவர்களுக்குத் துணை நின்றிருக்கும். மதிப்பெண் ஏழைக்குப் பகை என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. தமிழகத்திலும் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வை 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கியபோது, சிற்றூர்ப் பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே நியாயமான அளவு என்றுதான் வாதிட்டார்கள். அந்த வாதத்தை நாம் மதிக்கிறோம். விடைத்தாளைத் திருத்துபவருக்குப் பிள்ளையின் சாதி தெரியாது; தகப்பனின் தொழில் தெரியாது. எந்த நேர்முகத் தேர்வு அறையைப் பற்றியும் இப்படி உறுதி சொல்ல நம்மால் இயலாது.

இத்தனையும் ஒப்புக்கொண்ட பின்னும், ‘எங்கள் கையில் ஒன்றுமில்லை’ என்பதை நாம் ஏற்பதற்கில்லை.

அரசமைப்புச் சட்டத்தின் 30ஆம் உறுப்பு, சிறுபான்மையினர் தம் விருப்பப்படி கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமையைத் தந்திருக்கிறது. 1991 டிசம்பரில், டெல்லி தூய ஸ்டீபன் கல்லூரி வழக்கில், உதவி பெறும் சிறுபான்மைக் கல்லூரி 50 விழுக்காட்டுக்கு மிகாமல் தன் சமூகத்தாருக்கு இடம் ஒதுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மதிப்பெண்ணோடு நேர்முகத்தையும் சேர்த்துப் பார்க்கும் அக்கல்லூரியின் முறையையும் ஏற்றுக்கொண்டது. 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கின் பதினொரு நீதிபதிகள் அமர்வு, உதவி பெறும் நிறுவனங்களில் விகிதத்தை நிர்ணயிக்கும் பொறுப்பை அரசுகளிடம் விட்டதே தவிர, உரிமையைப் பறிக்கவில்லை. 2022இல் டெல்லி உயர் நீதிமன்றம், சிறுபான்மை அல்லாத மாணவரைப் பொது நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை மட்டும் கொண்டே சேர்க்க வேண்டும் என்று தூய ஸ்டீபன் கல்லூரிக்குக் கட்டளையிட்டபோதும், கிறித்தவ மாணவருக்கு நேர்முகம் நடத்தத் தடை சொல்லவில்லை. நம் முன்னோர் நீதிமன்றப் படியேறிக் காத்துவைத்த உரிமை இது. இதைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த இடங்களையும் மேலிருந்து கீழாக மதிப்பெண் வரிசையில் நிரப்பிவிடுவதென்றால், உரிமை எதற்கு? ஆணி அடித்து மாட்டி வைக்கவா?

உண்மையில் கையில் ஒன்றுமில்லாமல் இல்லை. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் கோப்பை வேண்டும் என்றால், 480 என்ற கோடு எங்கே போகிறது? தேசிய அளவில் ஓடுபவனுக்கும், மாநில அணியில் ஆடுபவனுக்கும் நம் கல்லூரிகளின் வாயில் திறக்கிறது. திறப்பது நன்று. அதன்பின் நடப்பதையும் சொல்ல வேண்டும். மூன்றாண்டு அவன் கல்லூரிக்காக ஓடுகிறான். தேர்வு நாளில் வெளியூர் மைதானத்தில் நிற்கிறான். முடிவில் கோப்பை முதல்வர் அறைக் கண்ணாடி அலமாரிக்குப் போகிறது, ஏழெட்டு அரியர் தாள்கள் அவனோடு வீட்டுக்குப் போகின்றன. பட்டம் வாங்காமல் ஊர் திரும்பிய இத்தகைய இளைஞர்களை நம் பங்குகளில் தேடிப் பார்க்க வேண்டியதில்லை. பூசை முடிந்து வாசலில் நின்றாலே காணலாம். இவர்களைச் சேர்த்ததற்குப் பெயர் கருணை அன்று.

நம் மாணவன் மாவட்டத்தோடு நின்றுவிட்டவன். அவனால் கோப்பை வராது. முப்பது பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்ததற்கு யாரும் பதக்கம் அடிப்பதில்லை. ஆண்டு விழாத் தவறாமல் மேடையில் தாலந்து உவமையை விளக்குகிறோம். அந்த உவமையில் தலைவன் திரும்பி வந்து கணக்குக் கேட்டபோது, இரண்டு பெற்று இரண்டு ஈட்டியவனுக்கும், ஐந்து பெற்று ஐந்து ஈட்டியவனுக்கும் சொன்ன பாராட்டு ஒன்றே. தனிப்பயிற்சி நிலையத்தில் பெற்ற 540ஐயும், இரண்டு இரவு கடலில் விழித்துப் பெற்ற 371ஐயும் ஒரே முழக்கோலால் அளப்பவர்கள், அடுத்த ஆண்டு விழாவில் வேறு உவமை தேடிக்கொள்வது நல்லது.

நாம் கேட்பது பெரிதன்று. சிறுபான்மை இடங்களிலும், நிர்வாகத்தின் விருப்பத்துக்கு விடப்பட்ட இடங்களிலும் நூற்றுக்குப் பத்தையேனும், நான்காம் பக்கத்தைப் படித்துப் பார்த்து நிரப்ப வேண்டும். படிப்பவர் ஒருவராக இருக்கக் கூடாது. அவர்களுள் பொதுநிலையினரும், ஏழைப் பங்குகளை அறிந்த பள்ளி ஆசிரியரும் இருக்க வேண்டும். நிர்வாக இடங்களில் கிறித்தவன் அல்லாத ஏழைக்கும் பங்கு வேண்டும். பணம் கட்டி வாங்கும் சான்றிதழ் எதற்கும் மதிப்பில்லை என்று முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். பங்குத்தந்தையின் பரிந்துரைக் கடிதத்தையும் நம்பி இருக்க வேண்டாம். அது எல்லாருக்கும் ஒரே வாசகத்தில் எழுதப்படுவதை நாம் அறிவோம், கேட்டு வாங்கியவரும் நாமே. நேரில் ஒருவர் போய்ப் பார்க்கட்டும், மாலையில் அந்த முப்பது பிள்ளைகள் கோயில் வளாகத்தில் இருக்கிறார்களா என்று. சேர்க்கப்பட்டோர் பட்டியலும், சேர்த்த காரணமும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். ஒட்ட முடியாத காரணத்துக்காக ஒருவரையும் சேர்க்கக் கூடாது. அப்படிச் சேர்த்த மாணவனுக்கு முதலாண்டில் ஆங்கிலமும் அடிப்படைப் பாடமும் மாலையில் தனியே சொல்லிக் கொடுக்க ஆசிரியர் வேண்டும். அதற்கு மனமில்லையென்றால் சேர்க்காமல் விடுவதே மேல்.

நம் பெற்றோரில் சிலருக்கும் ஒரு சொல். ஆறாம் வகுப்பிலிருந்தே பிள்ளையைக் கராத்தேக்கும் கீபோர்டுக்கும் சதுரங்கத்துக்கும் மாற்றி மாற்றி இழுத்துச் சென்று, சான்றிதழ்களை உறையிலிட்டுச் சேர்ப்பவர்கள் நம் அன்பியங்களிலும் இருக்கிறார்கள். நாம் கேட்கும் வாயில் திறந்தால் அதில் முதலில் நுழைய முயல்பவர்கள் அவர்களாகவே இருப்பார்கள். அமெரிக்காவில் நடந்தது அதுவே. ஆகையால்தான் நேரில் போய்ப் பார்க்கச் சொல்கிறோம்.

அந்த மாணவன் பக்கத்து ஊர் அரசுக் கலைக்கல்லூரியில் வரலாறு எடுத்துப் படிக்கிறான். மாலை வகுப்பை விடவில்லை. இப்போது நாற்பது பிள்ளைகள். இந்த ஆண்டு அவன் தங்கைக்காக அதே கல்லூரியின் விண்ணப்பம் வாங்கி வந்தோம். அவள் 452. நான்காம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தோம். படிவத்தைப் புதிதாக அச்சிட்டிருக்கிறார்கள். கட்டத்தில் இப்போது ஒரு வரிதான் இருக்கிறது.