தேனி பார்க்க வேண்டிய வகுப்பு

2020 நீட் தேர்வில், தேனி மாவட்டம் சில்வார்பட்டி அரசு மாதிரி மேல்நிலைப் பள்ளியில் படித்த மாணவர் ஒருவர் 720-க்கு 664 மதிப்பெண் எடுத்தார். நாடே திரும்பிப் பார்த்தது. அது அவருடைய இரண்டாவது முயற்சி. ஆசிரியர்களும் வெளியாரும் கைகொடுக்க, தனியார் மையத்தில் பயிற்சி பெற்ற பிறகு கிடைத்த வெற்றி. அதே ஆண்டு அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் வந்தது. இரண்டும் பெருமைக்குரியவை. ஆனால் ஒரு மாணவரை ஊரே கூடித் தூக்கிவிடுவது வேறு, மாவட்டம் முழுவதும் கற்பது வேறு.

மே மாதம் வந்தால் பொதுத்தேர்வுத் தேர்ச்சி விழுக்காட்டில் தேனிக்கு எத்தனையாவது இடம் என்று பார்க்கிறோம். அந்த எண்ணுக்காகப் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டிலும் காலை, மாலை சிறப்பு வகுப்புகள் நடக்கின்றன. ஆனால் பிள்ளை பின்தங்கத் தொடங்கியது மூன்றாம் வகுப்பில். அன்று யாரும் கவனிக்கவில்லை.

அப்படிக் கவனித்த ஊரும் உண்டு. பிரேசிலின் வறண்ட வடகிழக்கில் சொப்ரால் என்றொரு நகராட்சி இருக்கிறது. இரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியவில்லை என்பது 2000 வாக்கில் அங்கே தெரியவந்தது. அதிகாரிகள் அதை மறைக்கவில்லை. எல்லாப் பிள்ளையும் சிறு வயதிலேயே வாசிக்க வேண்டும் என்பதை முதல் இலக்காக்கினார்கள். தலைமை ஆசிரியர் நியமனத்தில் கட்சிப் பரிந்துரையை ஒழித்து, தகுதி பார்த்தார்கள். ஆண்டுக்கு இருமுறை, பாடம் நடத்தும் ஆசிரியர் அல்லாத வெளிக்குழு ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டது. தேசியக் கல்வித்தரக் குறியீட்டில் 2005-இல் 1,366-ஆவது இடத்தில் இருந்த ஊர், 2015-இல் முதலிடம் பிடித்தது.

நம்மிடமும் கருவி இருக்கிறது. 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரிக்கிறது. அது சரியான அணுகுமுறை. ஆனால் ஆசிரியரின் நேரத்தைச் செயலியில் பதிவேற்றும் வேலை தின்கிறது. மேலே போன விவரம், அரும்பிலேயே நிற்கும் பிள்ளைக்கு உதவியாகத் திரும்பி வருகிறதா என்பதே என் கேள்வி.

கம்பம் பள்ளத்தாக்கில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. கூடலூர், கம்பம், போடியிலிருந்து ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு விடியலிலேயே ஜீப் ஏறும் தாய்மார்களால் பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்பிவிட முடியாது. இங்கே காலை உணவுத் திட்டம் வயிற்றுக்கு மட்டுமல்ல, வருகைப் பதிவேட்டுக்கும் துணை. வீட்டுப்பாடத்தை நம்பி நடக்கும் கல்வி இந்த வீடுகளில் செல்லாது. கற்றல் பள்ளி நேரத்திலேயே முடிந்தாக வேண்டும்.

ஊராட்சி ஒன்றியப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, உதவிபெறும் பள்ளி என்று இங்கே நிர்வாகங்கள் பல. யாருடைய பள்ளி என்பது பிள்ளைக்குப் பொருட்டல்ல. மாவட்ட நிர்வாகம் எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவாக, மூன்றாம் வகுப்பில் வெளியாள் நடத்தும் ஒரே வாசிப்புச் சோதனையை ஆண்டுக்கு இருமுறை வைக்கட்டும். பின்தங்கிய பள்ளிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பாமல், கூடுதல் ஆசிரியரை அனுப்பட்டும். பெற்றோரே, நீங்களும் அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: மூன்றாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்குத் தடங்கலின்றி வாசிக்கத் தெரியும்?