ஆட்டை எண்ணும் முன் நிலத்தை அளந்து பாருங்கள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் மேய்ச்சல் நிலம் பாழானதற்கு ஆடும் மாடும்தான் காரணம், ஆகவே மேய்ப்பவர்களுக்கு விதி வகுத்து, ஆள் வைத்துக் கண்காணித்து, மீறினால் அபராதம் போட வேண்டும் என்று சிலர் வாதிடுகிறார்கள். சூழல் அக்கறையின் பெயரால் சொல்லப்படுவதால் பலரும் தலையாட்டுகிறார்கள். நான் இதை முழுவதுமாக மறுக்கிறேன். நிலத்தைப் பறித்தவர்களை விட்டுவிட்டு, பறிகொடுத்தவனிடம் கணக்குக் கேட்கும் வாதம் இது.

இந்த மாவட்டம் உருவானது 1974 ஜனவரியில். தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் தொடங்கப்பட்டதும் அதே ஆண்டுதான். முட்புதரும் புல்லும் கலந்து கிடந்த காடுகள், காகித ஆலைக்குக் கூழ்மரம் தரும் தைலமரத் தோட்டங்களாகப் பெருமளவில் மாறியது அதற்குப் பிறகு. ஆர்.எஸ்.பதி மரம் என்று ஊரார் சொல்லும் இந்த மரத்தை நெருக்கி நட்டால் அடியில் மாடு கடிக்கிற புல் தழைப்பதில்லை. தோட்டத்தைச் சுற்றி வெட்டிய குழிகளும் போட்ட வரப்புகளும் மழைநீரை மறித்துக் கண்மாய்க்கு வரவிடாமல் செய்கின்றன என்று விவசாயிகள் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்களை நம்பி வாழும் வறண்ட மாவட்டம் இது. கொழுக்கட்டைப் புல்லைக் காணோம் என்று இன்று வருந்துகிறவர்கள், அந்தப் புல் இருந்த இடத்தில் இப்போது என்ன நிற்கிறது என்று ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். அங்கே மரத்தை நட்டது ஆடு மேய்க்கும் எந்தக் கீதாரியும் இல்லை.

மிஞ்சியது ஊர்ப் பொது நிலம். வருவாய்த்துறையின் அ-பதிவேட்டில் மேய்க்கால் புறம்போக்கு என்று சர்வே எண்ணோடு எழுதி வைத்த நிலம். 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி இது கிராம ஊராட்சியின் பொறுப்பில் இருக்கிறது. ஆக்கிரமிப்பை அகற்ற 1905ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பொது நிலங்களை மீட்டு ஊராரிடம் ஒப்படைக்க எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியிலேயே உத்தரவிட்டது. விதிகளுக்குக் குறைவில்லை. ஆனால் நடப்பது என்ன? ஆக்கிரமித்தவருக்கு பி-மெமோ என்ற நோட்டீஸ் கொடுத்து அபராதம் வாங்குகிறார்கள், நிலம் அவரிடமே இருக்கிறது, சில ஆண்டுகளில் அந்த ரசீதையே காட்டி அவர் பட்டா கேட்கிறார். ஜமாபந்தியில் ஆண்டுதோறும் கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கிறார்கள். மேய்க்கால் எத்தனை ஏக்கர் குறைந்தது என்று அங்கே யார் கேட்டார்கள்?

கண்காணிப்பு வேண்டும் என்கிறவர்கள் ஐரோப்பாவைக் காட்டுகிறார்கள். காட்டட்டும், முழுதாகக் காட்டட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் விவசாயியின் வயலுக்கு ஆய்வாளர் போவது பெரும்பாலும், அரசு அவருக்குப் பணம் கொடுப்பதால். ஜெர்மனியின் பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலம் 2000ஆம் ஆண்டில் கொண்டுவந்த திட்டத்தில், பட்டியலிட்ட 28 அடையாளச் செடிவகைகளில் குறைந்தது நான்கு தன் புல்வெளியில் இருப்பதை விவசாயியே பார்த்துக் குறிக்க வேண்டியிருந்தது, அதற்கு ஊக்கத்தொகை கிடைத்தது. எப்போது அறுப்பது, எப்படி மேய்ப்பது என்ற முடிவு அவர் கையில் இருந்தது. அங்கே புல்வெளி வாழ மேய்ச்சலும் அறுப்பும் தேவை என்று ஏற்றுக்கொண்டுதான் விதியையே எழுதுகிறார்கள். உழைப்புக்கு ஒரு ரூபாய் தராமல் அபராதத்தை மட்டும் இங்கே கொண்டுவரச் சொல்வது நேர்மையான ஒப்பீடு இல்லை.

மேய்ச்சலை நிறுத்தினால் இயற்கை தானே மீளும் என்ற நம்பிக்கையை இந்தியா ஏற்கெனவே சோதித்துவிட்டது. ராஜஸ்தானின் பரத்பூர் கேவலாதேவ் பறவைப் பூங்காவில் 1982இல் மேய்ச்சலைத் தடை செய்தார்கள். எதிர்த்த கிராமத்தார் மீது காவல்துறை சுட்டது, உயிர்கள் போயின. எருமை போனதும் ஒருவகைப் புல் மண்டி நீர்ப்பரப்பை அடைத்தது. தடை பறவைகளுக்கே கேடாக முடிந்ததைச் சொன்னது, அங்கே பல ஆண்டுகள் ஆய்வு செய்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம். அது நீர்நிலை, நம்முடையது பொட்டல் என்று மறுக்கலாம். அப்படியானால் நம் பொட்டலில் முதலில் ஆய்வு செய்யுங்கள், தண்டனையைப் பிறகு பேசலாம்.

மிகை மேய்ச்சல் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது. நூறு ஏக்கரில் மேய்ந்த மந்தையைப் பத்து ஏக்கரில் அடைத்தால் வேர் வரைக்கும்தான் கடிக்கும். மந்தை பெருத்ததா, நிலம் சுருங்கியதா என்று பாருங்கள். செம்மறிக் கிடைகளோடு ஊர் ஊராகப் போகும் கீதாரிகள், அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டு உரம் கொடுக்கிறார்கள், ஓரிடத்தில் தங்காமல் நகர்ந்துகொண்டே இருக்கிறார்கள். நிலத்துக்கு ஓய்வு கொடுக்கும் முறை அது. அதைக் குலைத்தது வழிகளை அடைத்த வேலிகளும் மனைப்பிரிவுகளும்.

கண்காணிப்பு என்று பேசும்போது இந்த மாவட்டத்தில் ஒரு பெயரைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. திருமயம் பகுதியில் சட்டவிரோதக் கல்குவாரிகள் மீது புகார் கொடுத்து வந்த ஜகபர் அலி, 2025 ஜனவரியில் லாரி மோதிக் கொல்லப்பட்டார். குவாரி உரிமையாளர்கள் உட்படப் பலர் கைதானார்கள். மண்ணை விதிப்படி காக்கச் சொன்ன குடிமகனுக்குப் பாதுகாப்புத் தர முடியாத நிர்வாகம், இருபது ஆடு வைத்திருக்கும் கிழவியின் பின்னால் ஆள் அனுப்ப வேண்டும் என்கிறீர்களா?

வரும் ஜமாபந்திக்கு முன், ஒவ்வொரு ஊராட்சியிலும் மேய்க்கால் புறம்போக்கின் சர்வே எண்களையும் பரப்பையும் கிராம சபையில் வாசிக்கச் சொல்லுங்கள். காணாமல் போன ஏக்கர்களை அளந்து மீட்கும் குழுவில் ஆடு மேய்ப்பவர்களை உறுப்பினர்களாக உட்கார வையுங்கள். நிலம் திரும்பி வந்த பிறகு, எத்தனை ஆடு, எந்த மாதம், எந்தப் பக்கம் என்ற விதியை அவர்களோடு சேர்ந்து எழுதலாம். அதுவரை மேய்ப்பவர்கள் மீது அபராதம் போட யாருக்கும் உரிமை இல்லை.