திரை வெளியே இருக்கட்டும்

ஆசிரியருக்கு,

எங்கள் திருநின்றவூரில் சிலர் மொட்டைமாடியில் மரச்சட்டம் அடித்து, பாலிகார்பனேட் ஷீட் போட்டுச் செடி வளர்க்கிறார்கள். சித்திரையில் உள்ளே நிற்க முடியாது. உடனே ஷீட்டுக்கு அடியில் துணித்திரை கட்டுகிறார்கள். வெள்ளைத் துணியானால் கொஞ்சம் வெயிலைத் திருப்பும். மற்றபடி பலன் குறைவு. உள்ளே வந்துவிட்ட வெயிலில் திரை சூடேறி, அந்தச் சூட்டை அங்கேயே விடுகிறது. ஷீட்டுக்கு மேலே, ஒரு சாண் இடைவெளி விட்டுப் பச்சை நிழல்வலையோ மூங்கில் தட்டியோ கட்டுங்கள். இடையில் காற்று ஓடும். சட்டத்தின் மேல்பக்கம் ஆணி வேண்டாம். ஐப்பசி மழை அந்தத் துளைவழி இறங்கினால் மரம் இற்றுப்போகும். பக்கவாட்டில் கொக்கி போட்டால், புயல் எச்சரிக்கை வந்ததும் வலையைக் கழற்றிவிடலாம்.

- ஒரு வாசகர், திருநின்றவூர்