ஐந்து சான்றுகளும் ஆறாவது எண்ணும்

4,29,49,67,297 என்னும் எண்ணைக் கரும்பலகையில் எழுதி, இது பகா எண்ணா, பகு எண்ணா என மாணவரை வினவும் வழக்கம் நம் பள்ளிகளில் அரிது. ஆண்டுக்கு ஒரு முறையேனும் அவ்வாறு வினவுதல் வேண்டும் என்பது எமது கருத்து.

இவ்வெண் பிறக்கும் முறை எளிது. 2-ஐ எடுத்துக்கொள்க, அதனை வர்க்கித்து, வந்ததனை மீண்டும் வர்க்கித்துச் செல்க. 2 உட்பட ஒவ்வொரு படியிலும் உள்ள எண்ணோடு 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65,537 என்பன முறையே கிடைக்கும். இவை ஐந்தும் பகா எண்களே. இவ்வரிசையில் வருவன யாவும் பகா எண்களாகவே இருக்கும் என்று பிரான்சு நாட்டுக் கணித மேதை ஃபெர்மா 1640-இல் கருதினார். முறையான நிறுவல் தம்மிடம் இல்லை என்பதனையும் மறைக்காது எழுதினார்.

ஆறாவது எண்ணே நாம் தொடக்கத்தில் குறித்தது. அது 641-ஆல் மீதியின்றி வகுபடும், ஈவு 67,00,417 என்று 1732-இல் ஆய்லர் காட்டினார். தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள் நிலைத்த ஊகம் ஒரே வகுத்தலால் வீழ்ந்தது.

மாணவர் இதனைத் தம் கையாலேயே சரிபார்க்கலாம். இவ்வெண்ணின் எந்தப் பகாக் காரணியும் 64-ஆல் வகுக்க 1 மீதி தரும் என்பது பின்னர் ஆய்லர் நிறுவிய உண்மை. ஆதலின் 193, 257, 449, 577, 641 ஆகிய ஐந்து எண்களால் வகுத்துப் பார்த்தாலே போதும். ஐந்தாம் முயற்சியில் விடை கிட்டும். இதற்கு ஒரு பாடவேளையே அமையும்.

மூன்று உறுப்புகளைத் தந்து விதியைக் கூறுக எனக் கேட்கும் பயிற்சி, அவசர முடிவுக்கே மாணவரைப் பழக்குகிறது. களப்பணியாளருக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். ஐந்து வயல்களில் ஓர் உரம் நற்பயன் தந்ததனால் வட்டாரம் முழுவதற்கும் அதனைப் பரிந்துரைத்தால், ஆறாவது வயலின் இழப்பை ஏற்பவர் உழவரே அன்றோ?

எடுத்துக்காட்டுகள் பயனற்றவை என்பது எம் கருத்தன்று. அவையின்றி ஊகமே பிறவாது. ஆயினும் ஊகத்தை ஊகம் என்றே குறித்து வைத்த ஃபெர்மாவின் நேர்மை நம் குறிப்பேடுகளிலும் விளங்குதல் வேண்டும்.

இவ்வரிசையின் ஆறாவது எண் முதல் முப்பத்துமூன்றாவது எண் வரை உள்ள 28 எண்களும் பகு எண்கள் என்பது இன்று உறுதியாகியுள்ளது. அப்படியாயின் எஞ்சியவை யாவும் பகு எண்களே என்று கூறிவிடலாமா என ஒரு மாணவன் கேட்கக்கூடும். கூடாது என்பதே விடை. அதற்கும் நிறுவல் இல்லை. ஐந்து சான்றுகள் போதாவெனின், இருபத்தெட்டும் போதா.