கழிவதெல்லாம் கழிவன்று

போகிப் பண்டிகையன்று விடியற்காலையில் எளாவூர் நெடுஞ்சாலையில் செல்பவருக்கு எதிரே நிற்பது மார்கழிப் பனியா, புகையா என்று விளங்குவதில்லை. கிழிந்த பாயும் தேய்ந்த துடைப்பமும் மட்டுமே எரிந்த காலம் போய்விட்டது. இன்று டயரும் பிளாஸ்டிக் நாற்காலியும் மின்கம்பி உறையும் அத்தீயில் விழுகின்றன. 2018ஆம் ஆண்டுப் போகியன்று இத்தகைய புகை மூடியதால் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க இயலாமற்போயின. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் வேண்டுகோள் விடுக்கிறது. நாம் அதைப் படித்து முடித்துவிட்டுத் தீ மூட்டுகிறோம். ஏனென்று கேட்டால், பழையவை போகத்தானே வேண்டும் என்று நன்னூலையே சாட்சிக்கு அழைக்கிறோம். பவணந்தி முனிவர் அவ்விதியை வகுத்தது சொற்களுக்கு, நாற்காலிகளுக்கு அன்று.

'போகி நம் பண்டிகை அன்றே' என்று நம்முள் சிலர் ஆறுதல் கொள்ளலாம். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வெள்ளையடிக்கும் நாள்களில் நம் கொல்லைப்புறங்களில் குவிவது என்ன? கைப்பிடி போன குக்கர், ஒரு திருகாணி கழன்ற மின்விசிறி, கால் ஆடும் மேசை. அரைமணி நேரத்தில் சீராகக்கூடிய பொருள்களை நாம் குப்பை என்று தீர்ப்பிட்டுவிடுகிறோம்.

எளாவூர்ச் சோதனைச் சாவடியில் ஆந்திர எல்லையைக் கடந்து வரும் சரக்குந்துகள் நிறுத்தப்படுகின்றன. என்ன சரக்கு, எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கேட்கிறார்கள். நம் வீட்டு வாசலைக் கடந்து வெளியேறும் பொருளை நிறுத்தி அப்படிக் கேட்பவர் உண்டா? நாம் கேட்பதில்லை, ஏனெனில் விடை நமக்குத் தெரியும். இரும்பாயின் கும்மிடிப்பூண்டியின் உருக்காலைகளுக்குப் போகும். பிளாஸ்டிக்காயின் சாலையோரத்தில் எரியும், அல்லது மழைநீரோடு ஓடைகளில் சென்று ஏரியிலும் கடலிலும் சேரும். கிழக்கே பழவேற்காடு ஏரியை நம்பி வலை வீசுபவர் நமக்கு அந்நியர் அல்லர். மாநிலத்தின் அபாயகரமான தொழிற்சாலைக் கழிவுகளைப் புதைக்கும் நிலங்களுள் ஒன்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலேயே இருக்கிறது. ஆலைப் புகையைக் குறித்து நாம் மனுக் கொடுக்கிறோம், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஆலையைச் சுட்டும் கையாலேயே நம் தெருமுனையில் தீக்குச்சியைக் கிழிப்பது என்ன நியாயம்?

'காயலான் கடைக்குப் போடுகிறோமே, அது மறுசுழற்சிதானே?' என்பர் சிலர். அதை நாம் மறுக்கவில்லை. வீடு வீடாக வந்து பழைய பொருளை எடைபோட்டு வாங்கும் அந்த மனிதர், நம் ஊருக்குச் செய்யும் தொண்டுக்கு நாம் இதுவரை மரியாதை செலுத்தியதில்லை. பழைய அலுமினியத்தை உருக்கினால், தாதுவிலிருந்து எடுக்கச் செலவாகும் ஆற்றலில் ஏறத்தாழ 95 விழுக்காடு மிச்சமாகும் என்பதும் உண்மையே. எனினும் உருக்குவது ஒரு பொருளுக்கு இறுதிச் சடங்கு போன்றது. உயிருள்ள பொருளுக்கு அதைச் செய்யலாமா? புதுக் கைப்பிடி பொருத்தினால் இன்னும் பத்தாண்டு உழைக்கும் பாத்திரத்துக்கு உலையும் வேண்டாம், புகையும் வேண்டாம்.

நம் பாட்டிமார் இதை அறிந்திருந்தனர். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் தெருவுக்கு வந்தார். தளர்ந்த கயிற்றுக் கட்டில் மறுபடி பின்னப்பட்டது. நைந்த சேலை தூளியாயிற்று, பின் கரித்துணியாயிற்று. அது வறுமையின் வழக்கம் மட்டுமன்று. பொருளில் அடங்கிய பிறர் உழைப்பை மதித்த வழக்கம்.

இங்கே இன்னொரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 'ஏழைகளுக்கு' என்று நாம் கட்டிக்கொடுக்கும் மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தவருக்குத் தெரியும்: பொத்தான் இல்லாத சட்டை, ஒற்றைக் காலணி, கறை படிந்த போர்வை. அது தருமமன்று, குப்பைத் தொட்டி நிரம்பியதால் ஏழையைத் தேடிய செயல். பழையதைக் கொடுப்பது பெறுபவரை இழிவுபடுத்தும் என்று சொல்பவர்களின் கோபம் இந்த மூட்டையைக் கண்டு எழுந்த கோபமே. எனவே விதி ஒன்று வகுத்துக்கொள்வோம்: நம் வீட்டு விருந்தினருக்குக் கொடுக்கத் தயங்கும் பொருளை எவருக்கும் கொடுக்கலாகாது. துவைத்து, தைத்து, பழுது நீக்கிய பிறகே கொடுக்க வேண்டும்.

பெறுபவர் யார் என்று தேடி அலைய வேண்டியதில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒரே ஒரு பையோடு இரயிலில் வந்திறங்கி, சிப்காட் ஆலைகளில் வேலை செய்து, சுற்றுவட்டார வாடகை அறைகளில் நெருங்கி வாழும் தொழிலாளரைப் பாருங்கள். சில மாதங்களுக்கு ஒரு மின்விசிறி, ஒரு வாளி, ஓர் அடுப்பு, ஒரு பாய் அவர்களுக்கு வேண்டும். கடையில் மலிவானதை வாங்குகிறார்கள், ஊர் திரும்பும்போது விட்டுச்செல்கிறார்கள், அதுவும் குப்பையாகிறது. நம் பரணில் தூசி படிந்து கிடப்பதும் அவர்களுக்கு வேண்டுவதும் ஒரே பொருளே. இடையில் இல்லாதது ஒரு பொது அலமாரி.

இது நடவாத காரியமன்று. ஈரானில் 2015ஆம் ஆண்டில் பரவிய 'அன்புச் சுவர்' என்னும் எண்ணத்தை, 2017ஆம் ஆண்டில் திருநெல்வேலியில் அன்றைய மாவட்ட ஆட்சியர் சந்தீப் நந்தூரி நடைமுறைப்படுத்தினார். மிகுதியாய் உள்ளவர் வைத்துச் செல்லலாம். வேண்டியவர் எடுத்துச் செல்லலாம். எவரும் எவரிடமும் கையேந்த வேண்டியதில்லை.

எளாவூரில் பங்கு மன்றமோ பள்ளித் திண்ணையோ போதும். மாதம் ஒரு ஞாயிறு, திருப்பலிக்குப் பின், தொழிற்பயிற்சி முடித்த நம் இளைஞர்கள் மின்விசிறியும் அயர்ன் பெட்டியும் பழுது பார்க்கட்டும். அவர்களுக்கு உரிய கூலியை நாம் கொடுப்போம். சமயம், மொழி பாராமல் எவரும் வரட்டும். பழைய பேட்டரியை மட்டும் அங்கே கொண்டுவர வேண்டாம். அதிலுள்ள ஈயம் குழந்தைகளின் மூளையைத் தாக்குவது. அதை விற்ற கடையிலேயே திரும்பக் கொடுப்போம்.

ஒரு பொருளை எறியாமல் மீண்டும் பயன்படுத்துவது அன்புச் செயலாகக் கூடும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் திருமடலில் நினைவூட்டினார். அதை வாசித்துப் பாராட்டிய நாம், 2019 சனவரி முதல் நாள் தமிழக அரசு ஒருமுறை பயன்படும் பிளாஸ்டிக்கைத் தடைசெய்த பின்னரும் திருவிழா அன்னதானத்தில் பிளாஸ்டிக் குவளையை நீட்டினால், அந்தப் பாராட்டுக்குப் பொருளென்ன?

அடுத்த நாள் காலையில் அக்குவளைகளைக் குனிந்து பொறுக்குபவர் ஊராட்சியின் தூய்மைக் காவலர். அவரும் நம் சகோதரி அல்லவா? அவருடைய முதுகு வளைவதைக் குறைக்கும் முயற்சியை, வரும் ஞாயிறே நம் பரணிலிருந்து தொடங்குவோமா?